கற்றாள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஏரிக்கரைக் கல்லூரியின் தாளாளர், பண்பாளர், பெரியவர் முத்துகிருஷ்ணன் அவர்களே! கல்லூரியின் கண்ணாகவும் காவலாகவும் விளங்கும் முதல்வர் குமரேசன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே! மேடைக்குக் கீழே, மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அறுப்பு வேலையையும் அடுப்பு வேலையையும் அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கற்க வந்த கண்மணிகளே! கைதட்டவா கூச்சல் போடவா என்று இன்னும் முடிவு செய்யாத காளைகளே! உங்கள் அனைவரையும் இந்த வேதகிரி இரு கை கூப்பி, தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

உத்திரமேரூரில் ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர்கள் எல்லாரும் கல்வெட்டில்தான் தொடங்குவார்கள். குடவோலை என்பார்கள், மக்களாட்சி என்பார்கள், மார்பைத் தட்டுவார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. சொன்னதையே கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், அந்தக் கல்லுக்கும் அலுத்திருக்கும். பாருங்கள், இதற்குத்தான் முதல் கைதட்டு!

இன்று இங்கே இணையவழிக் கல்வி மையம் திறக்கப்படுகிறது. வந்திருக்கும் தாய்மார்களுக்காக அது என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பாடம் நடத்துகிறார். அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். எந்த ஊர்க்காரரும், எந்த வயதுக்காரரும், காசு கொடுக்காமல் அதில் சேரலாம், கேட்கலாம். தேர்வெழுதித் தேறினால் நம் கல்லூரியே அந்த மதிப்பெண்ணைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். இதுதான் திறந்த இணையப் படிப்பு. சற்று முன் தாளாளர் ஐயா பேசும்போது, "இனிமேல் நம் கல்லூரியில் ஆசிரியர் இல்லை என்ற குறையே இருக்காது" என்றார். எல்லாரும் தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுத்தான் யோசித்தேன்.

அன்பு நிறைந்த அவையோரே, என் சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்டிமன்றப் பேச்சாளன். நடுவர் எனக்கு ஒரு பக்கம் கொடுப்பார். மருமகள் பக்கம் பேசு என்றால் மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன். அடுத்த வாரம் வேறு ஊரில் மாமியார் பக்கம் கொடுத்தால் அதே தோரணத்தை அவிழ்த்து மருமகள் கழுத்தில் போடுவேன். பக்கம் கிடைத்தால் எனக்குக் குழப்பமே வராது. இன்றைக்குச் சிறப்பு விருந்தினன் என்று மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஆனால் பக்கம் மட்டும் கொடுக்கவில்லை. தெருமுனையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழிக்கிற ஆளைப் போல உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மதியம் காஞ்சிபுரத்தில் வண்டி ஏறும்போது இப்படி இல்லை. தெளிவாக இருந்தேன். அப்போது மனத்தில் கட்டி வைத்திருந்த பேச்சைக் கேளுங்கள்.

கல்விக்குக் கதவு எதற்கு? கதவிருந்தால் தாழ் எதற்கு? தாழிருந்தால் அதன் திறவுகோல் ஒரு சிலரின் இடுப்பில் மட்டும் தொங்குவது எதற்கு? மாநகரத்து மாணவனுக்குக் கிடைக்கும் பேராசிரியர், மாகறல் மாணவிக்குக் கிடைக்கக் கூடாதா? விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண் விஞ்ஞானம் கற்கக் கூடாதா? பேருந்து வராத ஊருக்கும் பேரறிவு வரும்! நாற்று நடும் கைகளுக்கும் நுண்கணிதம் வரும்! தறியோடு தவமிருக்கும் இல்லத்துக்கும் தத்துவம் வரும்! வருகிறது, வந்துவிட்டது, வாசலில் நின்று கூப்பிடுகிறது!

எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறதா? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இப்போதும் அதில் எதையும் நான் திரும்பப் பெறவில்லை.

என்ன அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள். முன் வரிசையில் நம் வீரபத்திரன் அண்ணன் கேட்கிறார்: "வேதகிரி, நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தைல சொல்லுபா. கழனில மெஷினு நிக்குது." அண்ணே, உங்கள் அறுவடை இயந்திரத்துக்கு வாடகை ஏறுகிறது, தெரியும். ஒரே வார்த்தை என்னிடம் இருந்திருந்தால் பொன்னாடை போர்த்தும்போதே சொல்லிவிட்டு உங்களோடு கிளம்பியிருப்பேன். ஒரு கதை இருக்கிறது. கேட்டுவிட்டு அந்த வார்த்தையை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

என்னை அழைத்து வர வாடகைக் கார் அனுப்பியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் ஜெகன். காவாந்தண்டலத்துக்காரர். அதோ, பந்தக்காலில் சாய்ந்து நிற்கிறாரே, அவர்தான். ஒளிந்துகொள்ளாதீர்கள் தம்பி! ஊர் எல்லை தாண்டும்வரை பேசவில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இன்னிக்கி இன்னா பேசப் போறீங்க?"

இணையப் படிப்பைப் பற்றி என்றேன்.

"நல்லதுன்னு பேசுவீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எங்க வூட்ல அதால ஒரே பேஜாரா கீது சார். எம் பொண்டாட்டி சாரதா சரியா சோறு துன்னல. எங்கம்மாவோட பேச்சு இல்ல. என் தங்கச்சி தமிழ்ச்செல்வி பாஸாயிட்டா, ஆனா அதச் சொல்லிச் சந்தோசப்பட பயந்துக்கினு கீறா."

ஒரு வீட்டில் ஒருத்தி தேறியதற்காக இரண்டு பெண்கள் வாடுகிறார்கள் என்றால், காரில் உட்கார்ந்திருக்கும் பட்டிமன்றக்காரன் சும்மா வருவானா? நடந்ததை நடந்தபடியே கேட்டேன். அதை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

சாரதா கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தியவள். பிறகு மீண்டும் இதே கல்லூரியில் சேர்ந்தாள். நாத்தனார் தமிழ்ச்செல்வியும் அதே வகுப்பு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வந்து போனவர்கள். சாரதாவுக்குக் கணக்கு ஆசிரியை ஆக ஆசை. இந்த ஆண்டு பட்டம், உடனே பி.எட். மாமியார் கோவிந்தம்மாள் அனுமதி கொடுத்தார், ஆனால் எல்லை போட்டுக் கொடுத்தார்: "இந்த வருசத்தோட பட்டம் முடிச்சி பி.எட்.ல சேரணும், தவறுனா படிப்பே போதும். அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல."

கடைசிப் பருவத்தில் புள்ளியியல் தாள். அந்தப் பாடத்துக்கு இருந்த ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் வரவில்லை. "அந்தத் தாளை இணையத்தில் படித்துக்கொள்ளுங்கள், எல்லாரும் சேர்ந்துவிடுங்கள்" என்று மாணவர்களின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போனது. அவ்வளவுதான்.

தாய்மார்களே, இனிமேல் வருவது உங்களுக்கு எளிதில் புரியும். இந்த மேடையில் இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை எப்படி வைப்போம்? ஆளுக்கு ஒன்றா? அடுப்புக்கு ஒன்று! ஒரே அடுப்பு எரிகிற வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு பத்திரிகை வைத்தால் என்ன ஆகும்? ஆமாம், சரியாகச் சொன்னீர்கள் அம்மா, "எங்களப் பிரிக்கப் பாக்கிறியா" என்று தட்டோடு திருப்பி அனுப்புவார்கள். ஒரு பத்திரிகை வைத்தால் வீடே வரும், கைக்குழந்தை முதல் வரும். இது நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, இரத்தத்தில் இருக்கிறது.

அந்த வீட்டில் கைப்பேசி ஒன்றுதான் படிப்புக்கு. தமிழ்ச்செல்வி முதலில் தன் பெயரைப் போட்டுச் சேர்ந்தாள். அடுத்து சாரதா அதே எண்ணைப் போட்டாள். திரை என்ன சொன்னது? "இந்த எண் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, நல்வரவு" என்றது. பெண்கள் இருவரும் கொஞ்சம் திகைத்தார்கள். கூடத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த கோவிந்தம்மாள் கேட்டார்: "ஒரே வூட்டுக்கு எதுக்குடி ரெண்டு பேரு? ஒரே அடுப்புதான எரியுது? அதான் வாங்கன்னு சொல்லிட்டானே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த அம்மாள் சொன்னதில் என்ன தவறு? எல்லாருக்கும் திறந்த வகுப்பு என்று விளம்பரம் செய்தது யார்? வாருங்கள் வாருங்கள் என்று கைகாட்டிக் கூப்பிட்டது யார்? கூப்பிட்டவன் ஆளை எண்ணுவான் என்று நம் ஊரில் யாருக்குத் தோன்றும்?

படித்தார்கள், அவையோரே! எப்படிப் படித்தார்கள்! பாண்டியன் என்று ஒரு பேராசிரியர், எங்கோ இருக்கிறார், அருமையாகச் சொல்லித் தருகிறார். இட்லி மாவு அரைக்கும் சத்தத்தில் ஒரு வரி போனால் சாரதா நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், மறுபடி கேட்பாள். அவர் முகம் சுளிக்காமல் மறுபடி சொல்வார். "கிளாஸ்ல ரெண்டாவது தபா கேட்டா திட்டுவாங்களோன்னு பயம். இவரு திட்டவே மாட்டாரு" என்று சாரதா வீட்டில் சொல்வாளாம். முதல்வர் அவர்களே, நம் வகுப்பறைகளில் கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? இதைக் கேட்டதும் நான் மறுபடி காலையில் கட்டிய பேச்சுக்கே திரும்பிவிட்டேன். வாழ்க இணையம் என்று காருக்குள்ளேயே முழங்கப் பார்த்தேன்.

அதற்குள் ஜெகன் அடுத்ததைச் சொன்னார். சாரதாவுக்கு ஒரு சந்தேகம். கேள்வி கேட்கும் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய், "ஐயா அவர்களுக்கு வணக்கம், தாங்கள் நலமா" என்று முறையாகத் தொடங்கிக் கேட்டிருக்கிறாள். மறுநாள் பார்த்தால் பதில்கள் வரிசையாக நிற்கின்றன. ஆசையோடு திறந்தாள். "எனக்கும் இதே சந்தேகம்." அடுத்தது, "எனக்கும் இதே சந்தேகம்." ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக, எல்லாருக்கும் அதே சந்தேகம்! பேராசிரியருக்கு மட்டும் அங்கே நேரமில்லை. இத்தனை ஆயிரம் பேர் கேட்டால் ஒரு மனிதர் யாருக்கென்று பதில் சொல்வார்? அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

தேர்வு வந்தது. நுழைவுச் சீட்டு ஒன்றுதான் வந்தது, தமிழ்ச்செல்வி பெயரில். சாரதா கல்லூரி அலுவலகத்துக்கு ஓடினாள். "நாங்க இன்னா பண்றது, இணையத்துல கேளு" என்றார்கள். இணையத்தில் கேட்டாள். "உங்கள் கல்லூரியை அணுகுங்கள்" என்றது. இங்கே போனால் அங்கே, அங்கே போனால் இங்கே. பாடம் கேட்டது இரண்டு பேர், பயிற்சிக் கணக்குகளைப் போட்டதில் பாதிக்கு மேல் சாரதா. தமிழ்ச்செல்விக்குப் புரியாததைச் சொல்லித் தந்தவளும் அவள்தான். ஆனால் ஊருலகத்துக்கு அப்படி ஒருத்தி அந்த வகுப்பில் இருக்கவே இல்லை. அடுத்த முறை அந்தப் பாடம் தொடங்குவதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்துவிடும். மாமியார் போட்ட எல்லையும் முடிந்துவிடும்.

காரை வீட்டுக்கு விடச் சொன்னேன். சாரதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது. எனக்குப் புள்ளியியல் தெரியாது, ஆனாலும் கேட்டேன். "சராசரி சராசரி என்கிறார்களே, அது என்னம்மா?" என்றேன். அந்தப் பெண் சொன்னதைக் கேளுங்கள்.

"நம்ம ஏரித் தண்ணி பாயுதுல்ல அய்யா? மதகாண்ட கீற கழனில தண்ணி ரொம்பி வழியும். கடைசிக் கழனி வெடிச்சிப் போயிருக்கும். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா, ரெண்டுமே நல்லா வெளைஞ்சா மாதிரி கணக்கு காட்டும். கடைசிக் கழனிக்காரன் வூட்ல மட்டும் நெல்லு இருக்காது. அதால சராசரிய மட்டும் பாத்துட்டு ஊரே நல்லா கீதுன்னு சொல்லிடக் கூடாது."

இது பாண்டியன் சார் சொன்ன உதாரணமா என்று கேட்டேன். "இல்ல அய்யா, அவரு கிரிக்கெட்ட வெச்சி சொன்னாரு. எனக்கு கிரிக்கெட் தெரியாது. நானே மாத்திக்கினேன்" என்றாள்.

அண்ணே, வீரபத்திரன் அண்ணே, தலையை ஆட்டுகிறீர்கள். உங்கள் கழனி கடைமடையில்தானே இருக்கிறது? உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. பேராசிரியர் பாண்டியன் இங்கே இருந்திருந்தால் அந்தப் பெண்ணை நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்.

இப்போது சொல்லுங்கள், நல்லதா கெட்டதா? அந்தத் திரை இல்லாவிட்டால் சாரதா புள்ளியியலே கற்றிருக்க மாட்டாள். அந்தத் திரையை மட்டும் நம்பியதால் கற்றும் கல்லாதவளாக நிற்கிறாள். வாழ்த்தவா? வாய் வருகிறது. வையவா? அதற்கும் வாய் வருகிறது. காவாந்தண்டலத்திலிருந்து இங்கே வந்து சேரும்வரை நான் எத்தனை தடவை பக்கம் மாறினேன் என்று ஜெகனைக் கேளுங்கள். ஒருமுறை நான் பாட்டுக்குக் கையை ஓங்கியதில் பயந்துபோய் வண்டியையே நிறுத்திவிட்டார்!

ஆனால் இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒன்றே ஒன்று எனக்குத் தெளிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் உங்களை நிறுத்தி வைத்தேன். மலைக்கு அப்பால் இருந்தும் மாநிலத்துக்கு அப்பால் இருந்தும் கற்பிக்க ஆள் வந்துவிட்டார். கற்றாள் என்று சொல்லத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை! பாடம் பறந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு கண் வரவில்லை! அறிவு அலையலையாய் வந்தது. "அம்மா சாரதா, உன் பெயர் எங்கே காணோம்" என்று கேட்க ஒரு வாய் வரவில்லை! வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்திருந்தால், அவர் ஒன்றும் கற்பிக்கவே வேண்டாம், வருகைப் பதிவுக்கு ஒரு நாள் பெயரைக் கூப்பிட்டிருந்தால் போதும். இந்தத் தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும்!

தட்டாதீர்கள், பொறுங்கள். முதல்வர் அவர்களே, மேடை நாகரிகம் பார்க்காமல் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்குக் கல்லூரியே ஒரு தேர்வு வைக்க முடியுமா? ... முடியும் என்கிறார்! விதியில் இடம் இருக்கிறது என்கிறார்! அந்தத் துறை ஆசிரியர் ஒருவர் வினாத்தாள் எடுத்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். சரி, அந்தத் துறை ஆசிரியர் யார்? ... பணியிடம் காலி என்கிறார். இந்த மையம் வந்துவிட்டதால் இனி அதை நிரப்ப வேண்டுமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருக்கிறதாம்.

அமைதி, அமைதி. தம்பிகளே, உட்காருங்கள். யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. யாரம்மா அது? பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்து நிற்கிறார்கள். வழி விடுங்கள். ஜெகன் ஏன் இப்படிப் பதறுகிறார்? ஓ, கோவிந்தம்மாள் அம்மாவா! மருமகளும் மகளும்கூடப் பின்னால் வந்து நிற்கிறார்களே! வாருங்கள் அம்மா. மேடைக்கு வர வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே பேசுங்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கப்பா.

"அய்யா, அன்னிக்கி அப்டி சொன்னது நாந்தான். எதுக்குடி ரெண்டு பேருன்னு கேட்டது நாந்தான். இந்த வருசத்தோட போதும்னதும் நாந்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது ஆளுக்கு ஆளு எண்ற எடம்னு எனக்குத் தெரியாது. இப்ப இத்தினி பேரு முன்னால சொல்றேன். எம் மருமவ படிக்கட்டும். எத்தினி வருசம் ஆனாலும் படிக்கட்டும். அடுத்த தபா அவ பேரத் தனியா எழுதுங்கோ."

...

கொஞ்சம் பொறுங்கள். அந்த அம்மாளுக்கு ஒரு முறை கை கூப்பிக்கொள்கிறேன். சாரதா, அழாதே அம்மா. மாமியார் பக்கத்தில் போய் உட்கார். தமிழ்ச்செல்வி, நீயும் போ. நீ தேறியதற்கு இனிமேல் தைரியமாகச் சந்தோஷப்படலாம்.

வீரபத்திரன் அண்ணே, நீங்கள் கேட்ட ஒரே வார்த்தை இன்னும் என்னிடம் இல்லை. இந்த மையம் திறக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாண்டியன்கள் ஆயிரம் பேர் திரையில் வரட்டும், நம் பெண்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்கட்டும். ஆனால் அந்தத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், அதில் உயிருள்ள ஓர் ஆசிரியரை உட்கார வையுங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. பக்கம் தெரியாமல் தடுமாறிய என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், இடையிடையே எனக்கு வழி காட்டிய தாய்மார்களுக்கும், அழைத்துச் சிறப்பித்த கல்லூரிக்கும், பத்திரமாக என்னைக் கொண்டுவந்து சேர்த்த ஜெகனுக்கும் நன்றி. உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

தாளாளர் ஐயா, நான் உட்காருவதற்கு முன் ஒரு வேண்டுகோள். கோவிந்தம்மாள் அம்மா தன் வீட்டின் பதிலை ஊரறியச் சொல்லிவிட்டார். கல்லூரியின் பதிலுக்காகத்தான் எல்லாரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தாருங்கள் ஒலிவாங்கி. புள்ளியியலுக்கு ஆசிரியர் என்றைக்கு வருகிறார், சொல்லுங்கள்.